மூன்றாம் பாகம்

எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் பைக்கை நிறுத்திய காளீஸ்வரன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே மஞ்சப்பையை நீட்டினான்.

“மூணாம் பாகம். ரெண்டாவது முடிஞ்சிருச்சா?”

“நேத்தே முடிச்சிட்டேன்,” என்றாள் முனீஸ்வரி. “மந்திரம், பறக்குற குதிரை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது அந்தக் காவக்காரன். எண்ணூறு பக்கமா இளவரசிகூட நடக்கான், அவ விரலைக்கூடத் தொடல.”

“போரடிக்கலையா?”

“இல்ல. அவளா மனசு வந்து சொல்லட்டும்னு காத்திருக்கான்ல? படிக்கையில கண்ணு கலங்கிருச்சு.”

அதற்குள் தெருமுனையில் அவள் அம்மா வந்துவிட்டாள். காளீஸ்வரன் அவசரமாகப் பைக்கை ஸ்டார்ட் செய்தான்.

“ஹெல்மெட்டுக்குள்ள இருந்தா அடையாளம் தெரியாதாக்கும்?” என்றாள் அம்மா. “ஆனிக் கடைசியில தாலி கட்டுன மாப்பிள்ளை, ஆடி முடியிற வரைக்கும் பொண்ணைப் பாக்க வரலாமா?”

“புஸ்தகம் குடுக்கத்தான் அத்தை...”

“வாரம் ஒண்ணா?” சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மா திரும்பி நடந்தாள்.

முனீஸ்வரி மெதுவாகச் சொன்னாள். “நாலாம் பாகத்தைக் கொண்டு வராதீக.”

“ஏன், பிடிக்கலையா?”

“கல்யாணத்தன்னைக்கு ராத்திரி, கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம, மறுநாளே முதல் பாகத்தைக் கொண்டாந்து குடுத்தீக.”

அவன் பைக்கை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“நாலாம் பாகத்தை நம்ம வீட்டுல வந்து படிச்சுக்கிறேன்.”

சொல்லிவிட்டு, ரெண்டாம் பாகத்தை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் விரல்களை எடுக்கவில்லை.