மொட்டைக் கடிதம்

காலை ஆறரை மணிக்குச் சிறைக் காவலர் வந்து, "தச்சா, நாளைக்கு முன்விடுதலைக் குழு உன்னைக் கூப்பிடுது" என்றார்.

பக்கத்துப் படுக்கைத் தையல்காரருக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு மூன்று வருடம் முன்பே உள்ளே வந்தவர் அவர். கருணை அவனுக்கு மட்டுமா?

"கொடுத்துவச்சவன்டா நீ" என்று சிரித்தார்.

"நல்லபடியா முடியட்டும்ணே."

அன்றே, 'தச்சன் வாயைத் திறந்தால் பொய். அவன் பேச்சை நம்பவேண்டாம்' என்று மொட்டைக் கடிதம் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டார்.

மறுநாள் தச்சன் கண்கலங்கித் திரும்பினான்.

"உங்க விடுதலைக்குத்தான் மனு போட்டிருந்தேண்ணே. கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க திருந்திட்டீங்கன்னு சாட்சி சொன்னா, எவனோ என்னைப் பொய்யன்னு எழுதியிருக்கான். தள்ளுபடி பண்ணிட்டாங்க. உங்க மேல யாருக்குண்ணே இவ்வளவு பொறாமை?"