நீலத்தைக் கடக்கும் அம்பு

“மணி நாலேகால். கிளம்பலாமா?” என்றாள் மனைவி.

கண்ணாடிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியால் காரின் வழிகாட்டித் திரையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“அது பளபளன்னுதான் இருக்கு. உங்க மூஞ்சிதான் சரியில்ல. பெல்ட்டப் போடுங்க.”

போட்டுக்கொண்டார். சாவியைத் திருகினார். திரையில் வரைபடம் விரிந்தது. மனைவி ‘மகள் வீடு’ என்ற எழுத்தைத் தொட்டாள்.

“முந்நூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்,” என்றது பெண்குரல்.

அந்தக் குரலுக்கு அவர்கள் வைத்த பெயர் அம்மணி.

“அம்மணி சொல்லிட்டா. அப்பீலே கிடையாது.”

அவர் இண்டிகேட்டர் போட்டார். டிக், டிக். திரையில் சின்ன அம்பு நகர்ந்து இடப்பக்கம் வளைந்தது.

“பாப்பா பொறந்து மாசம் ஒண்ணாச்சு. தாத்தாவ போட்டோவுலதான் பாத்திருக்கா.”

“அவ எங்க போட்டோ பாத்தா?”

“நான்தான் காட்டினேன். கொட்டாவி விட்டா.”

பாதி சிரித்தார். மீதிச் சிரிப்பு வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தின் நடுவே கார் வழுக்கி, சுழன்று, கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பாலத்தைத் தாண்டவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. மகள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மனைவி மட்டும் தனியாகப் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வந்தாள். இந்த வாரம் கிளம்பியபோதெல்லாம், பாலம் வருவதற்கு முன்பே ‘போதும்’ என்று அவர் சாவியைத் திருப்பிவிட்டார்.

“வேகமா போறேனா?”

“அம்மணி போற வேகம்தான். பேசாம வாங்க.”

அவள் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“தையல் கடை வந்துருச்சு.”

“கண்ண மூடிக்கிட்டு எப்படித் தெரியுது?”

“என் துணியில பாதிய அங்கதானே பாழாக்கினான். தூக்கத்துலகூடத் தெரியும். அடுத்து மரக்கடை. ரம்பம் ஓடுற சத்தம் கேக்குதா?”

கேட்பதுபோல்தான் இருந்தது. ஈர மரத்தூள் வாசனைகூட வந்தது.

ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிய டீ, இருவருக்கும் நடுவே தளும்பாமல் இருந்தது.

“ஒரு சொட்டு சிந்தல பாருங்க,” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

“எல்லாம் ஓட்டுறவன் கையில இருக்கு.”

“ஆமா, பெரிய பைலட்டு.”

“நானூறு மீட்டரில் பாலம்,” என்றது குரல்.

மனைவி கண்ணைத் திறந்தாள்.

திரையின் மேல்விளிம்பில் நீலம் தெரிந்தது. முதலில் ஒரு நூல். பிறகு ஒரு துண்டுத் துணி. பிறகு திரை முழுவதும் ஆறு. அந்த வெளிச்சம் மனைவியின் மோவாயில் விழுந்தது. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். மூடிய ஜன்னல் கண்ணாடிக்குள் வியர்வை காதோரம் வழிந்தது.

“போதும். நிறுத்திடறேன்.”

“பாலத்து நடுவுல யாராவது நிறுத்துவாங்களா? பின்னாடி வர்றவன் என்ன திட்டுத் திட்டுவான்!”

அவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தார்.

“பின்னாடி நெஜமாவே ஒரு வெள்ளக் கார் வருது.”

“வந்தா வரட்டும். நீங்க முன்னால பாருங்க. காத்து எப்படி வருது!”

“காத்தா? கண்ணாடி மூடியிருக்கு.”

“எனக்கு வருது.”

அவள் கை அவர் முழங்கைமேல் வந்து உட்கார்ந்தது. கனமே இல்லை, ஒரு பறவை உட்கார்ந்ததுபோல. அம்பு நீலத்தின்மேல் மிதந்தது. கார் வழுக்கிய இடத்தை எட்டியது. அவர் மூச்சை நிறுத்தினார். அம்பு நிற்கவில்லை. அந்த இடம் மற்ற இடங்களைப்போலவே நீலமாக இருந்தது. அது பின்னால் போயிற்று.

நீலம் மெலிந்தது. நூலாயிற்று. மறைந்தது.

“நேராகச் செல்லவும்,” என்றது குரல், எதுவும் நடக்காததுபோல.

அவர் மூச்சை விட்டார். அந்தப் பக்கத்துத் தெருக்கள் ஒவ்வொன்றாக வந்தன. மகளின் தெரு வந்தது.

“நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது.”

“தாண்டிட்டேன்ல?”

“தாண்டிட்டீங்க.”

மஞ்சள் துணியை எடுத்தார். இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். கண்ணாடியை இறக்கினார். முன்பின் பார்த்திராத ஓர் இளைஞன் குனிந்து நின்றான்.

“தப்பா நெனைக்காதீங்க சார். மாடி வீட்டுக்கு இன்னைக்குத்தான் குடிவர்றோம். நீங்க இண்டிகேட்டர் போட்டீங்களா, வண்டிய நகத்தப்போறீங்கன்னு பின்னாலயே காத்துக்கிட்டிருக்கேன். நீங்க இன்னும் இன்ஜினே போடல! பின்னாடி நிக்கிற வெள்ளக் கார் என்னோடதுதான், பாதி ரோட்டுல நீட்டிக்கிட்டு நிக்குது. சொவரு வரைக்கும் எடம் இருக்கே, ஒரு ரெண்டடி முன்னால எடுத்தீங்கன்னா போதும்.”

அவர் முன்னால் பார்த்தார். மாதக்கணக்காக நகராத காருக்கு எதிரே, வீட்டுக் கார் கொட்டகையின் சாம்பல் நிறச் சுவர். வண்டியை எடுக்காமலே வழியை ஓட்டிக் காட்டும் ‘ஒத்திகைப் பயணம்’ முடிந்தது என்று திரை சொன்னது. சாவி பாதித் திருகலில் நின்றது.

மனைவி டீயை எடுத்து, சிந்தாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“பாலத்தையே தாண்டிட்டீங்க. இந்த ரெண்டடியையும் தாண்டிடலாமா?”