சிவப்பு விளக்கு

கப்பலுக்கு வந்த சோதனை அதிகாரிகள் நீட்டிய மதுச் சோதனைக் கருவியில் கேப்டன் ஊதியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கப்பல் கிளம்ப வேண்டிய நேரம் அது.

"யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க" என்றார் சமையல்காரர், கேப்டனுக்கு அடுத்த பதவியிலிருந்த சீஃப் ஆபீசரை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "நாற்காலி ஆசை யாரை விட்டுது?"

சீஃப் ஆபீசருக்கு முகம் சிவந்தது. "அண்ணே, சத்தியமா நான் இல்ல."

"பின்ன, சோதனைக்காரங்க வானத்துலேர்ந்து குதிச்சாங்களாக்கும்!"

அதற்குள் முதலாளியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுக்க அதிர்ந்தது. "என் கப்பலுக்கு இவங்களைக் கூப்பிட்டது எவன்? பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

எல்லார் கண்ணும் தன்மேல் இருக்க, சீஃப் ஆபீசர் கூனிக் குறுகினார். இனி இவர்களில் யார் அவரை மதிப்பார்கள்?

"நான்தான் சார் கூப்பிட்டேன்" என்றார் கேப்டன். "ராத்திரி மக கல்யாண விருந்துல கொஞ்சம் அதிகமாவே போயிடுச்சு. காலையில தெளிவாத்தான் இருக்கேன்னு தோணுச்சு. ஆனா, குடிச்சவன் எவன் தெளிவா இல்லைன்னு சொல்லியிருக்கான்?"



"கப்பல் இனி உங்க பொறுப்பு" என்று சீஃப் ஆபீசரின் தோளைத் தட்டிவிட்டு, கேப்டன் பெட்டியைத் தூக்கினார். சீஃப் ஆபீசர் நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்தார்.

சமையல்காரர் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "குடுங்க சார். உங்க கப்பல்லதான் சமைக்கிறேன்னு இனிமே நான் எங்க போனாலும் சொல்லிக்கணும்."