தனிப் போட்டோ

"ஹுஸ்னா, நீ முன்னால வா" என்றார் புஷ்பமேரி மிஸ். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நாலு வருஷமாக எந்தப் போட்டோவிலும் அவளுக்குக் கடைசி வரிசைதான். "கலரா இருக்கற பிள்ளைங்க முன்னால நில்லுங்க" என்று சொல்லியே பழகிய பள்ளிக்கூடம் அது. போன வாரம்தான், நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்கு ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்து, வடை பாயசத்தோடு அனுப்பியிருந்தார்கள். பாயசம் வேலை செய்துவிட்டது போலிருந்தது.

"நான் மட்டுமா மிஸ்?"

"ஆமா, பள்ளிக்கூடத்து நோட்டீசுக்கு. தனியாத்தான். அந்த ஷூவக் கழட்டிரு. ரிப்பனும் வேணாம்."

ஷூ புதுசு. பேகம்பூரில் அவள் அத்தா நைனா முகமது வைத்திருக்கும் செருப்புக் கடையில் இருந்ததிலேயே நல்ல ஜோடி. மனசில்லாமல்தான் கழற்றினாள்.

"சிரிக்காதம்மா, சும்மா பாரு" என்றார் போட்டோ எடுத்த பிரபு. உதட்டைக் கடித்துச் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் நேராகக் கடைக்கு ஓடினாள். "அத்தா, பள்ளிக்கூடத்து நோட்டீஸ்ல எம் போட்டோ வருது. நான் மட்டும் தனியா."

"எம் மகள்னா சும்மாவா" என்றார் நைனா முகமது. அன்று செருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். பக்கத்துக் கடை வேலுசாமியிடம் இரண்டு தடவை சொன்னார்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்து டிரஸ்ட் ஆபீசில் வேலை பார்க்கும் ஞானதாஸ் நோட்டீஸ் கட்டோடு கடை கடையாக ஏறி வந்தார். ஹுஸ்னா அத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று எட்டிப் பார்த்தாள்.

முதல் பக்கத்தில் நாலு பிள்ளைகள் ரிப்பனும் ஷூவுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலும் நல்ல சிவப்பு. மேலே 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று போட்டிருந்தது.

"பின்னாடி பாருங்கத்தா, அங்கதான் இருப்பேன்" என்று காதோரம் சொன்னாள்.

நைனா முகமது திருப்பினார். பக்கம் முழுக்க அவர் மகள்தான். வெறுங்காலோடு, தலை கலைந்து, சிரிக்காமல் நின்றாள்.

ரசீதுப் புத்தகத்தைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டே, நிமிராமல் ஞானதாஸ் சொன்னார்:

"அனாதைப் புள்ள பாய், காலுக்குச் செருப்புகூட இல்ல. பாத்துச் செய்யுங்க."