குழாயில் இருந்த தேதி

"பேரைப் படிச்சுச் சொல்லுங்கம்மா" என்று நர்ஸ் அந்தக் குழாயை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குழாய். அடியில் துளியூண்டு கலங்கிய நீர். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தபடியே, படுத்தவாக்கில் படித்தாள்.

அவள் பெயர் சரி. கணவன் பெயர் சரி. சேகரித்த தேதி, மூன்று.

இன்று பதினேழு.

சட்டைக் கம்பெனியில் லேபிள் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. ஓர் எழுத்து பிசகினாலும் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அப்பேர்ப்பட்டவளுக்கு இப்போது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலையில்தானே அவர் கொடுத்தார்? வராண்டாக் கோடியில் இருக்கும் அறைக்குள் போய், இருபது நிமிஷம் கழித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டைவிரலைக்கூடக் காட்டினாரே!

அப்படியென்றால் இது யாருடையது? ஐயையோ.

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே செலுத்தப் போகிற மெல்லிய டியூப் தட்டில் தயாராக இருந்தது. இந்தச் சிகிச்சைக்கு வருவது இது மூன்றாவது மாதம். இதோடு போதும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றால் எல்லாம் போச்சு. சரி என்றால், பிறக்கப் போவது யார் பிள்ளை?

முதல் இரண்டு மாதமும் இவ்வளவு தூரம்கூட வரவில்லை. இரண்டு தடவையும் அவர்தான் உள்ளே பேசிவிட்டு வந்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டை சரியாக முதிரவில்லையாம், அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள் என்றார். பாவம், ஒரு சுடுசொல் கிடையாது. அவள்தான் தன் உடம்பைக் கரித்துக்கொட்டினாள். ஊசிக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டாள். கோளாறு என்னிடம்தான் என்று மாமியாரிடம் வலியப் போய் ஒப்புக்கொண்டாள்.

"தேதி தப்பா இருக்கு" என்றாள்.

நர்ஸ் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தப்பில்லைம்மா. போன ரெண்டு தடவையும் இங்க வந்து அவரால கொடுக்க முடியலல்ல? பதட்டத்துல நிறைய பேருக்கு அப்படி ஆகும். அதான் கூட்டமில்லாத நாளாப் பாத்து முன்னாடியே வந்து கொடுத்தாரு. உறைய வச்சிருந்தோம். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

போட்டிருந்தாள். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம், ஒரு வரி படிக்காமல்.

அப்படியானால் இன்று காலை இருபது நிமிஷம் அந்த அறைக்குள் என்னதான் செய்தார்? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பற்றிக்கொண்டும் வந்தது. அதற்குள்ளேயே, ஐயோ பாவம் என்றும் இருந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவரை உள்ளே வரச் சொல்லட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார்.

தலையாட்டினாள். திட்டுவதற்கா, கையைப் பிடித்துக்கொள்வதற்கா, தெரியவில்லை.

அவர் வந்தார். குனிந்து அவள் தலையைக் கோதினார்.

"பயப்படாத. இந்தத் தடவை உன் முட்டை நல்லா முதிர்ந்திருக்காம்."