பெயர் எழுதாத பை

"யாரும் கை வைக்காதீங்க," என்றார் தெருச் சங்கத் தலைவர் அகாஹோரி. ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, குப்பைப் பையைப் பூங்கா வாசலில் இறக்கினார். மின்கம்பியில் நான்கு காக்கைகள் வந்து உட்கார்ந்தன.

நகராட்சிப் பையில் வீட்டுப் பெயரை எழுதித்தான் வெளியே வைக்க வேண்டும். இரண்டு வாரமாக மூன்றாம் தெருவில் பெயரில்லாத பைகள் வந்துகொண்டிருந்தன. இன்று குப்பை லாரி கிளம்புவதற்குள் ஒன்றை மட்டும் தலைவர் பிடித்து வைத்துவிட்டார்.

காலை வானொலி உடற்பயிற்சி முடிந்தும் நாற்பது பேர் கலையாமல் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே தினமும் மேடையில் நின்று குதித்துக் காட்டும் நிஷிவாகி ஹருயோவும் நின்றாள். அவளுக்கு அறுபத்து நான்கு வயது.

மங்கலான வெளிப்பைக்குள் சாம்பல் நிறத்தில் இன்னொரு பை தெரிந்தது. கடைப் பெயர் இல்லாத, உள்ளே இருப்பதைக் காட்டாத பை. ஹருயோ அதை அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கும் மருந்துக் கடையில்தான் அதைத் தருவார்கள்.

அறுவை சிகிச்சையில் கருப்பையை எடுத்த பிறகு அவளுக்குக் குதிக்கும்போதெல்லாம் சிறுநீர் கசிந்தது. பகலில் உள்ளே போட்டுக்கொள்ளப் பெரியவர்களுக்கான நாப்கினில் நான்கு ரகம் வாங்கிப் பார்த்தாள். முதலாவது கால்சட்டைக்கு மேல் கோடு காட்டியது. இரண்டாவது அரிசி வறுவல் பொட்டலம் போலச் சரசரத்தது. மூன்றாவது தொடையை அறுத்தது.

நான்காவது துணியைப் போல மெல்லியது, சத்தமில்லாதது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முப்பது முறை குதித்துப் பார்த்த பின்புதான் அதை அணிந்து பூங்காவுக்கு வந்தாள். கழித்தவற்றைக் கடை விளம்பரத்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, அந்தக் கடையின் சாம்பல் பையில் போட்டுக் கட்டி, விடியுமுன் தன் தெருவை விட்டு மூன்றாம் தெருவில் வைத்துவிட்டு வருவாள். இன்றும் வைத்திருந்தாள்.

தெரிந்தால் யாரும் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார்கள். இன்று அவள் முகத்தைப் பார்க்கும் நாற்பது பேரும் நாளை அவள் இடுப்பைப் பார்ப்பார்கள். பிறகு அந்த மேடையில் அவளால் நிற்க முடியாது.

அதை வாங்கும்போது அவளைப் பார்த்திருக்கக்கூடியவள் ஒருத்திதான். தலைவரின் மனைவி மிட்சுயோ. போன மாதம் அந்தக் கடையில், அந்த அலமாரி வரிசையிலேயே எதிரே வந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொசுவத்திப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"உங்க வீட்லயும் கொசுவா?" என்று மிட்சுயோ கேட்டாள். ஆமாம் என்று சொல்லி ஹருயோ தேவையில்லாமல் இரண்டு டப்பா வாங்கினாள். அதற்குப் பிறகுதான் தலைவர் பை தேடத் தொடங்கினார்.

இப்போது மிட்சுயோ கூட்டத்தின் கடைசியில் இருந்தாள். முழங்கால் வலி என்று வசந்த காலத்திலிருந்தே குதிக்காமல் கையை மட்டும் வீசுபவள். தொப்பியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு ஹருயோ நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டாள், என்று ஹருயோ நினைத்தாள்.

தோஃபுக் கடை உசுயி பையின் முனையைத் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்கே தலைவரே. யாராவது புருஷனக் காணோம்னு சொன்னாங்களா?"

"காணாமப் போனா நாங்க எதுக்குச் சொல்லப் போறோம்?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

அகாஹோரி சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, சங்க நோட்டில் நேரத்தைக் குறித்தார். தினமும் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளில் வரும் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கப் புதிரை முடிப்பதும் அந்தப் பென்சிலால்தான். அதைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு கத்தரியை எடுத்தார்.

"பேர் எழுதக் கூச்சப்படுற அளவுக்கு உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம். நிஷிவாகி-சான், நீங்க பக்கத்துல வாங்க. நீங்க சாட்சின்னா யாரும் மறுபேச்சு பேசமாட்டாங்க."

எட்டு அடி தூரம். குதிப்பதற்கு முன் எண்ணுவதைப் போல எண்ணிக்கொண்டே நடந்தாள். உள்ளே எங்கேயும் தன் பெயர் இல்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கத்தரி வெளிப்பையைக் கிழித்தது. பிறகு சாம்பல் பையை. அகாஹோரி முதல் பொட்டலத்தை எடுத்ததும் வாடை அடித்தது. அவர் முகத்தைச் சுளித்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பொட்டலம் ஹருயோவின் கண்ணுக்கு நேராக இருந்தது. விளம்பரத்தாள் அல்ல. செய்தித்தாள். ஷோகிக் கட்டங்கள், அவற்றின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் எழுதிய விடை.

அவளுடைய பை லாரியில் போய்விட்டிருந்தது.

ஹருயோ நிமிர்ந்து பார்த்தாள். மிட்சுயோவின் தொப்பி தரையில் கிடந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

அகாஹோரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொட்டலத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அதற்குள் ஹருயோ அதைப் பிடுங்கி, எழுத்து தெரியாமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க தலைவரே. அது என்னோடது."