இரண்டு நிமிட வேலை

“விண்டோஸே இருக்கட்டும் தங்கச்சி. லினக்ஸ் போட்டா ஒரு சொப்ட்வெயார் ஏத்துறதுக்கும் பெரும்பாடு படணும்,” என்றான் அப்ஹாம். ஏறாவூரில் கணினி திருத்தும் கடை அவனுடையது.

“எனக்கு லினக்ஸ்தான் வேணும் நானா.” ஸுஹைனா மடிக்கணினியை மேசையில் வைத்தாள்.

“விண்டோஸ் எண்டா எதுவும் ரெண்டே நிமிசத்தில ஏறிரும். சின்னப் புள்ளையும் ஏத்தும்.”

“ஓம். எனக்கு அதுதான் பயம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“மகள்ர வாப்பா போன மாசம் லீவுல வந்த நேரம் இதில என்னமோ ஏத்திட்டுப் போயிட்டார். இப்ப கட்டார்ல இருந்தே நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறார். கூடப்பிறந்த ராத்தாக்கு எழுதினதை எனக்கே வாசிச்சிக் காட்டினார். வேலைக்கு விண்ணப்பம் போட்டதுக்கு, மகளைப் பறிச்செடுப்பன் எண்டார். அந்தச் சொப்ட்வெயார் லினக்ஸ்ல ஏறாதாம்.”

“எந்தப் பாவி இதை ஏத்திக் குடுத்தானோ,” என்று முணுமுணுத்தபடி அப்ஹாம் மடிக்கணினியைக் கவிழ்த்தான்.

அடியில் அவனுடைய கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் போன மாதத் தேதி, அவனுடைய கையெழுத்து. மகளின் பாதுகாப்புக்கு என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்திருந்தார். தேநீர் ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்திருந்தான்.

அவனுடைய உள்ளங்கை மெல்ல நகர்ந்து ஸ்டிக்கரை மூடியது.

“மறைக்க வேணாம் நானா,” என்றாள் ஸுஹைனா. “அதைப் பார்த்துத்தான் இஞ்ச வந்தன்.”